மருத்துவச்சியைத் துரத்தியவர் யார்?

பிள்ளைப்பேற்றைப் பற்றி ஆடவர் பேசுவது நம் முன்னோர் வழக்கமன்று. பேறுகால வீட்டில் ஆண்கள் திண்ணையோடு நின்றுகொள்வர். குழந்தையின் அழுகுரல் எழுந்து, அதன் காதில் பாங்கு சொல்ல அழைப்பு வந்த பின்னரே உள்ளே நுழைவர். அவ்வழக்கத்தில் குறைகள் பல இருந்தன. ஆயினும் அறியாததைப் பற்றி வாய் திறவாதிருக்கும் அடக்கம் ஒன்று அதில் இருந்தது. இன்று அந்த அடக்கமும் போயிற்று. ஒரு பேற்றையேனும் அருகிருந்து கண்டறியாத ஆடவர்கள் கைப்பேசியின் முன் அமர்ந்து, பெண்கள் எங்கே பெற வேண்டும், எப்படிப் பெற வேண்டும் என்று உலகுக்குப் போதிக்கின்றனர். ‘நம் பாட்டிமார் வீட்டிலேயே பெற்றெடுக்கவில்லையா? ஊசி எதற்கு, மருந்து எதற்கு, ஆஸ்பத்திரி எதற்கு? இயற்கையை நம்புங்கள், இறைவனை நம்புங்கள்’ என்பது அவர்கள் போதனையின் சாரம். நம் வீடுகளிலும் அதற்குச் செவிசாய்ப்போர் பெருகி வருவதைக் காண்கிறோம். ஆகவே இதனை எழுத நேர்ந்தது.

2018 ஜூலையில் திருப்பூரில் ஓர் இளம்பெண், காணொளிகளைப் பார்த்து வீட்டிலேயே பேறு பார்க்க முற்பட்டதில் இரத்தம் போய் மாண்டார். 2025 ஏப்ரலில், மலப்புறத்தில் ஒரு முஸ்லிம் தாய் தம் ஐந்தாம் குழந்தையை வீட்டில் பெற்றபின் அதே இரத்தப்போக்கால் உயிர் நீத்தார். ஒருவர் நம்மவரல்லர், மற்றவர் நம்மவர். இருவரையும் கொன்றது ஒரே போதனை.

இரத்தப்போக்கு என்றால் என்னவென்று அப்போதகர்கள் ஒரு நாளும் விளக்கிச் சொல்வதில்லை. நாம் சொல்வோம். நிறைமாதக் கர்ப்பிணியின் கருப்பைக்கு நிமிடத்திற்கு அரை லிட்டருக்கும் மேலான இரத்தம் பாய்ந்துகொண்டிருக்கிறது. குழந்தை வெளிவந்து நஞ்சுக்கொடி பிரிந்ததும், அது ஒட்டியிருந்த இடத்தின் இரத்தக்குழாய்கள் யாவும் வாய் திறந்து நிற்கும். கருப்பை தானே கல்லைப்போல் இறுகி அவ்வாய்களை நெரித்து மூடிவிடுகிறது. வல்லோனின் ஏற்பாடு அது. பெரும்பாலான தாய்மார்க்கு அவ்வண்ணமே நிகழ்கிறது. சிலருக்கு இறுகுவதில்லை. பல பிள்ளைகளைச் சுமந்து தளர்ந்த கருப்பையில் அவ்வாறு நேரும் வாய்ப்பு இன்னும் மிகுதி. இறுகாவிடில் இரண்டு மணி நேரத்திற்குள் ஒரு தாய் இறந்துவிடக்கூடும். கருப்பையை இறுக்குவதற்கு ஆக்ஸிடோசின் என்றோர் ஊசி இருக்கிறது; அதன் விலை அற்பம்; குளிர்ப்பெட்டியில் வைத்துக் காக்க வேண்டும், அவ்வளவே. அதனைப் போடத் தெரிந்த ஒரு பெண்ணின் கையும், அதுவும் போதாதபோது இரத்தம் ஏற்றுவதற்கு ஓரிடமும் வேண்டும். இவற்றையே ‘எதற்கு?’ என்று கேட்கிறார்கள்.

பாட்டிமார் பெற்றார்கள் என்பது மெய்தான். பெற்ற பாட்டிமாரின் பேரப்பிள்ளைகளாகிய நாம் இருந்து பேசுகிறோம். பெறமாட்டாமல் மாண்டவர்களின் பேரப்பிள்ளைகள் வந்து சாட்சி சொல்ல இயலாது. அவர்களுக்காகச் சாட்சி சொல்லும் வரலாறு ஒன்றுண்டு. 1890களில் திண்டிவனத்தில், ஓர் அமெரிக்க மிஷனரி மருத்துவரின் வீட்டுக்கு ஒரே இரவில் மூன்று ஆடவர்கள் அடுத்தடுத்து வந்தனர். மூவர் மனைவியரும் பேறுகால வேதனையில் கிடந்தனர். வந்தவருள் ஒருவர் முஸ்லிம். மருத்துவர் ஆணாக இருந்ததால் அவரை அழைத்துச் செல்ல மூவரும் மறுத்தனர். அவர் மகளை அனுப்பும்படி வேண்டினர். மகளோ மருத்துவம் கற்றவரல்லர். விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டனர். ஐடா ஸ்கடர் என்னும் அந்த மகள் அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று 1900 இல் திரும்பி வந்து எழுப்பியதே இன்றைய வேலூர் மருத்துவமனை. இவ்வரலாற்றைப் பிறர் ஒரு பெண்ணின் தொண்டுக்குச் சான்றாகச் சொல்வர். நாம் அந்த மூன்று கணவன்மாரையும் சேர்த்து நினைக்கக் கடமைப்பட்டவர்கள். தத்தம் மானத்தைக் காத்துக்கொண்டு அவர்கள் திரும்பிச் சென்ற வீடு எத்தகையது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சென்னையில் அதற்குச் சிறிது முன்பே ஒரு வழி பிறந்திருந்தது. மதராஸ் மருத்துவக் கல்லூரி 1875 இல் பெண்களைச் சேர்த்துக்கொண்டபோது அங்கே பயின்ற மேரி ஷார்லிப் என்னும் ஆங்கில மாது, கோஷாப் பெண்களுக்கென்றே 1885 இல் ஒரு மருத்துவமனை கண்டார். பின்னர் கஸ்தூர்பா காந்தியின் பெயர் சூட்டப்பட்ட பின்னும், திருவல்லிக்கேணி வட்டாரத்தில் அதைக் ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்றுதான் சொல்வார்கள். பர்தாவையும் உயிரையும் ஒருங்கே காக்க முடியும் என்பதற்குச் செங்கல்லும் சுண்ணாம்புமாக நிற்கும் சான்று அது. வெட்கத்தைக் காட்டி ஆஸ்பத்திரியை மறுப்பவர்கள் ஒருமுறை அவ்வழியே நடந்து போய் வரட்டும்.

மார்க்கத்தின் பெயரால் சொல்லப்படுவனவற்றையும் பார்த்துவிடுவோம். பேற்றில் இறந்த பெண் ஷஹீதுடைய அந்தஸ்தை அடைகிறாள் என்று நபிமொழி உண்டு. அது இறந்தவளுக்கு உரிய நற்செய்தி. இறக்கவிட்டவனுக்கு உரிய மன்னிப்புச் சீட்டன்று. தவக்குல் என்பார்கள், ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்பச் சொன்னதும் அதே நபிமொழித் தொகுப்புகளில்தான் இருக்கிறது. இப்போதகர்கள் மறந்தும் எடுத்தோதாத மற்றொரு நபிமொழி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. மருத்துவம் அறிந்தவரென்று அறியப்படாத ஒருவர் மருத்துவம் செய்தால், நேரும் தீங்குக்கு அவரே பொறுப்பாளி என்பது அதன் கருத்து. ஆயிரம் பேருக்குக் கைப்பேசியில் வைத்தியம் சொல்லிவிட்டு, மையித் விழுந்த வீட்டுப் பக்கம் தலைகாட்டாத மனிதரை அந்த அளவுகோலால் அளந்து பாருங்கள்.

மர்யம் (அலை) அவர்களையும் இழுத்து வருகிறார்கள். பேரீச்சமரத்தடியில் தனியே பெறவில்லையா என்கிறார்கள். திருமறையின் பத்தொன்பதாம் அத்தியாயத்தை இவர்கள் நின்று ஓதியிருப்பார்களா என்று ஐயுறுகிறோம். பேறுகால வேதனை அந்த அம்மையாரை மரத்தடிக்குத் துரத்தியது என்றும், இதற்கு முன்பே இறந்திருக்கக்கூடாதா என்று அவர்கள் புலம்பினார்கள் என்றும் அங்கே காண்கிறோம். அத்தனிமை புகழப்படவில்லை. அத்தனிமைக்கு இறைவன் துணை அனுப்பினான். கவலைப்படாதே என்றொரு குரல் வந்தது. காலடியில் நீரோடை வந்தது. கைக்கெட்டும் மரத்திலிருந்து கனிந்த பழம் உதிர்ந்தது. உண்ணும்படியும் பருகும்படியும் கண்குளிர்ந்திருக்கும்படியும் சொல்லப்பட்டது. ஆறுதல் சொல்ல ஒரு குரல், குடிக்க நீர், தின்ன உணவு, பிடித்துக்கொள்ள ஒரு பிடிமானம் ஆகிய நான்குமே பெறும் பெண்ணுக்குத் தேவையானவை.

இன்றைய ஆஸ்பத்திரியின் பேற்றறையில் நம் பெண்களுக்குப் பெரும்பாலும் மறுக்கப்படுபவையும் இந்நான்குதான். இங்குதான் நம் வாதம் மறுபக்கம் திரும்புகிறது. ஏனெனில் போதகர்களின் பேச்சு எடுபடுவது வெறும் அறியாமையால் மட்டுமன்று. ஆஸ்பத்திரியிலிருந்து புண்பட்டுத் திரும்பிய பெண்களின் வாய்மொழிதான் அவர்களுக்கு உரமாகிறது.

கணக்கைப் பார்ப்போம். 2019–21 இல் எடுக்கப்பட்ட ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் நூற்றுக்கு 99.6 பேறுகள் மருத்துவ நிலையங்களிலேயே நிகழ்ந்தன. பெருமைக்குரிய செய்தி. தாய்மார் மரணமும் வெகுவாகக் குறைந்தது: ஒரு லட்சம் பிறப்புகளுக்கு 2001–03 இல் 134 தாய்மார் இறந்த மாநிலத்தில் 2018–20 இல் அது 54 ஆயிற்று. இந்திய அளவில் அதே காலத்தில் 97. கிராமச் செவிலியர்களும் ஆரம்பச் சுகாதார நிலையங்களும் பட்ட பாட்டின் பலன் இது. இதைக் குறைத்துப் பேசுபவன் நன்றி கொன்றவன். ஆனால் அதே ஆய்வின் மற்றொரு வரியையும் படிக்க வேண்டும். தமிழகப் பேறுகளில் நூற்றுக்கு 44.9 சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 36. தனியார் மருத்துவமனைகளில் 63.8. அதற்கு முந்திய 2015–16 ஆய்வில் மொத்தம் 34.1 ஆக இருந்தது. ஐந்தாறு ஆண்டுகளில் தமிழ்ப்பெண்ணின் இடுப்பெலும்பு அவ்வளவு சுருங்கிவிட்டதா?

சிசேரியன் தேவைப்படும் இடங்கள் உண்டு. நஞ்சுக்கொடி கருப்பை வாயை மறைத்துக் கிடந்தால், குழந்தை குறுக்கே கிடந்தால், அதன் நாடி தளர்ந்தால் கத்திதான் காக்கும். அப்போது தயங்குகிற கணவனை நாம் முன்சொன்ன மூவரோடு நான்காமவனாகச் சேர்ப்போம். ஆனால் நாட்டு அளவில் எத்தனை பங்கு தேவைப்படும்? பத்து முதல் பதினைந்து விழுக்காட்டுக்கு மேற்பட நியாயமில்லை என உலகச் சுகாதார நிறுவனம் 1985 இல் கூறிற்று. பத்து விழுக்காட்டைத் தாண்டியபின் சிசேரியன் பெருகுவதால் தாய் சேய் மரணம் குறைவதாகக் காணவில்லை என 2015 இல் மீண்டும் கூறிற்று. ஆக, நூற்றுக்கு அறுபத்துமூன்று என்பது மருத்துவத்தின் கணக்காக நமக்குத் தோன்றவில்லை.

எப்படி இந்நிலை வந்தது? பணம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோரும் உண்டு. பணமும் உண்டு, ஆனால் அதனினும் பெரிது காலம். ஒரு முதற்பேறு பன்னிரண்டு மணி, பதினெட்டு மணி நேரம் நீளலாம். ஒரே மருத்துவரை நம்பி நடக்கும் சிறு மருத்துவமனையில், பகலெல்லாம் நோயாளரைப் பார்த்த அந்த அம்மையார் இரவெல்லாம் ஒரு பெண்ணின் அருகே உட்கார்ந்திருக்க முடியுமா? கத்தியெடுத்தால் ஒரு மணி நேரத்திற்குள் முடியும். மயக்க மருத்துவரும் பகலிலேயே கிடைப்பார். பின்னால் வழக்கு வந்தாலும், ‘வேண்டிய யாவும் செய்தோம்’ என்று சொல்லிக்கொள்ளலாம். பொறுமைக்கு ஆளில்லாத இடத்தில் கத்திக்கு வேலை வருகிறது. 1955 இல் அமெரிக்க மருத்துவர் பிரீட்மன் முதற்பேற்றுக்காரிகள் 500 பேரை ஆராய்ந்து ஒரு வரைகோடு தீட்டினார். கருப்பை வாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டராவது விரிந்தாக வேண்டும் என்பது அதிலிருந்து பிறந்த விதி. அவ்விதிக்கு அடங்காத எத்தனையோ பெண்கள் ‘முன்னேற்றம் இல்லை’ என்று அறுவை மேசைக்கு அனுப்பப்பட்டனர். அந்த வேகம் எல்லாப் பெண்களுக்கும் பொருந்தாது, அதை மட்டும் காட்டிக் கத்தி எடுக்கலாகாது என்று 2018 இல்தான் உலகச் சுகாதார நிறுவனம் தெளிவாக உரைத்தது. அறுபது ஆண்டுகளாகப் பெண்ணின் உடம்பு தவறிற்று என்றார்கள், தவறியது கடிகாரம்.

குற்றம் மருத்துவர் பக்கம் மட்டுமே என்று எழுதி நம் வீட்டாரைத் தப்பவிடுவதும் சரியன்று. வெள்ளிக்கிழமையில் பிறக்கட்டும் என்றும், துபாயிலிருந்து வந்த மாப்பிள்ளையின் லீவு முடிவதற்குள் பிறக்கட்டும் என்றும் தேதி கேட்கும் மாமியார்கள் நம்மிடையே இல்லையா? வயிறு என்ன பத்திரப் பதிவு அலுவலகமா, நாள் குறித்துத் திறக்க!

முதற்பேற்றைக் கத்தியால் முடித்த பெண்ணுக்கு அடுத்த பேறும் கத்தியாகவே பெரும்பாலும் முடிகிறது. ஒவ்வொரு தழும்பும் அடுத்த கருவுக்கு ஆபத்தைக் கூட்டுகிறது. நஞ்சுக்கொடி பழைய தழும்புக்குள் வேரோடிப் பிரியாமல் நின்று, கருப்பையையே எடுத்தெறிய நேரும் கொடுமையும் உண்டு. மூன்று நான்கு பிள்ளைகளை விரும்பும் குடும்பங்கள் நம்முடையவை. அப்படிப்பட்ட வீட்டில் இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் முதல் சிசேரியன் தேவையானதா, தவிர்க்கக்கூடியதா என்பது அவள் வாழ்நாள் முழுவதற்குமான கேள்வி. அக்கேள்வியைக் கேட்கும் வாப்பாவை நாம் இன்னும் காணவில்லை. பில்லைக் குறைத்துக் கேட்பவர்களை நிறையக் காண்கிறோம்.

ஆகவே ஒருபுறம் கைகட்டி நிற்கும் மூடம், மறுபுறம் கத்தி ஏந்தி நிற்கும் அவசரம். இவ்விரண்டுக்கும் நடுவே ஓர் இடம் வெற்றிடமாகக் கிடக்கிறது. அங்கே ஒருகாலத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மருத்துவச்சி என்பது அவள் பெயர்.

நம் மார்க்கத்தின் வரலாற்றில் அவளுக்கு மரியாதை இருந்தது. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் பணிப்பெண்ணான ஸல்மா (ரலி) அவர்கள், ஃபாத்திமா (ரலி) அவர்களின் பேறுகளுக்கும், நபிமகனார் இப்ராஹீமின் பிறப்புக்கும் மருத்துவச்சியாக இருந்ததாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. குர்துபாவின் அறுவை மேதை அஸ்ஸஹ்ராவி, தம் பெருநூலில் மருத்துவச்சிகளைப் பயிற்றுவதற்கெனத் தனியே எழுதினார். 1377 இல் ‘முகத்திமா’ எழுதிய இப்னு கல்தூன், நாகரிகத்துக்கு இன்றியமையாத கைத்தொழில்களை வரிசைப்படுத்தும்போது உழவு, கட்டடம், நெசவு முதலியவற்றோடு பேறுபார்த்தலுக்கும் ஓர் இயல் ஒதுக்கினார். அரபியில் அவள் பெயர் ‘காபிலா’. ஏற்றுக்கொள்பவள் என்று பொருள். தாய் கொடுக்கிறாள், இவள் ஏற்கிறாள் என்று அவர் விளக்கம் தருகிறார். பச்சிளங் குழந்தைகளின் நோய்களைத் தேர்ந்த வைத்தியனைக்காட்டிலும் இவளே நன்கறிவாள் என்றும் எழுதுகிறார்.

வியன்னா நகரத்துப் பொது மருத்துவமனையில் இரண்டு பேற்றுக் கூடங்கள் இருந்தன. ஒன்றில் மருத்துவரும் மாணவரும், மற்றொன்றில் மருத்துவச்சிகள். 1846 இல் மருத்துவர் கூடத்தில் நூற்றுக்குப் பதினொரு தாய்மார் மாண்டனர். மருத்துவச்சிகளின் கூடத்தில் மூவருக்கும் குறைவு. பிணத்தை அறுத்த கையைக் கழுவாமல் பேறு பார்க்க வந்ததே காரணம் என்று செம்மல்வைஸ் என்னும் மருத்துவர் 1847 இல் கண்டு சொன்னார். சக மருத்துவர்கள் அவரை ஏற்கவில்லை. படித்தவன் கை என்பதால் மட்டும் ஒரு கை சுத்தமாகிவிடாது.

நம் ஊர்ப் பழைய மருத்துவச்சியின் கையும் அப்படித்தான் என்பதை மறைக்க மாட்டோம். துருப்பிடித்த கத்தியால் கொடியறுத்து, ஒரு வாரத்திற்குள் ரண ஜன்னி கண்டு மாண்ட சிசுக்கள் எத்தனையோ. தடுப்பூசியும் சுத்தமான பேறும் வந்த பின்னர்தான் 2015 இல் இந்தியாவிலிருந்து அந்நோய் ஒழிக்கப்பட்டதாக அறிவிக்க முடிந்தது. ஆனால் அவளிடம் இருந்த மற்றொன்றை நாம் கவனிக்கத் தவறினோம். அவள் உட்கார்ந்திருந்தாள். இரவெல்லாம் இடுப்பைத் தடவி, வெந்நீர் ஒற்றி, ‘இதோ ஆயிற்று மகளே’ என்று காத்திருந்தாள். அந்த இருப்பை வைத்துக்கொண்டு அவள் கைக்குச் சோப்பையும் கல்வியையும் கொடுத்திருக்க வேண்டும். நாம் செய்தது என்ன? கைக்கூலியும் படி அரிசியும் கொடுத்துப் பின்வாசல் வழியே அனுப்பினோம். அவள் தொழிலைத் தீட்டென்றோம். அவள் குலத்தைத் தாழ்வென்றோம். சமத்துவத்தை மிம்பரில் முழங்கும் நம் சமுதாயத்திலும் அவளுக்குச் சமபந்தி கிடைத்ததா என்று பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். அவள் மகள் அத்தொழிலை விட்டு ஓடியதில் வியப்பில்லை. அவளைத் துரத்தியது ஆஸ்பத்திரியன்று, நாம்தாம்.

பிற நாடுகள் அவளைத் துரத்தவில்லை; படிக்க வைத்தன. இங்கிலாந்தில் சிக்கலற்ற பேறுகளை இன்றும் பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளே பார்க்கின்றனர். அங்கே வீட்டுப் பேறும் உண்டு. அதைத்தான் நம் போதகர்கள் எடுத்துக்காட்டுவார்கள். 2011 இல் வெளியான ஆய்வொன்று அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பேறுகளைக் கணக்கிட்டது. ஆபத்துக் குறிகள் இல்லாதவரென்று தேர்ந்தெடுத்த பெண்களிலும், வீட்டில் பெறத் திட்டமிட்ட முதற்பேற்றுக்காரிகளுள் நூற்றுக்கு நாற்பத்தைந்து பேரை நடுவில் ஆஸ்பத்திரிக்கு மாற்ற நேர்ந்தது. அவர்களின் குழந்தைகளுக்கு ஆபத்தும் சற்றுக் கூடுதலாகவே இருந்தது. முன்பு பெற்ற பெண்களுக்கு அவ்வித வேறுபாடு காணப்படவில்லை. பட்டம் பெற்ற மருத்துவச்சி பக்கத்தில் இருந்தும், வாசலுக்கு வண்டி வரும் நாட்டிலும் இந்தக் கணக்கு. காணொளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெறுகிறவள் யாரிடம் மாறுவாள்?

எனவே நாம் கேட்பது வீட்டுப் பேறன்று. ஆஸ்பத்திரிக்குள் மருத்துவச்சி வேண்டும் என்கிறோம். மத்திய அரசு 2018 இல் மருத்துவச்சிப் பணிக்கென வழிகாட்டு நெறிகள் வகுத்து, செவிலியர்க்குப் பதினெட்டு மாதத் தனிப்பயிற்சி தரத் திட்டமிட்டது. தெலங்கானா அதற்கு ஓராண்டு முன்பே கரீம்நகரில் தொடங்கியிருந்தது. வழி இருக்கிறது, நடக்க ஆள் வேண்டும். நம் சமுதாயத்துக்கு அறக்கட்டளைகள் உண்டு, மகளிர் கல்லூரிகள் உண்டு, குளிரூட்டிய திருமண மண்டபங்கள் உண்டு. பெண் மருத்துவர்தான் வேண்டும் என்று வாசலில் நின்று வாதாடும் நாம், செவிலியர் படிப்புக்குப் பெண்ணை அனுப்பென்றால் முகம் சுளிக்கிறோம். இரவுப் பணியாம், மாப்பிள்ளை வீட்டார் ஒப்பமாட்டார்களாம். அந்த மாப்பிள்ளை வீட்டுப் பெண்ணுக்கு இரவில் வலி கண்டால் யார் வருவார் என்று எண்ணுகிறார்கள்?

ஒவ்வொரு ஜமாஅத்தும் ஆண்டுக்கு ஒரு பெண்ணையாவது செவிலியர் படிப்புக்கும், அதன்மேல் மருத்துவச்சிப் பயிற்சிக்கும் தன் செலவில் அனுப்பட்டும். உலமாக்கள் ஒரு வெள்ளிக்கிழமைக் குத்பாவிலாவது அந்த நபிமொழியை, வைத்தியம் அறியாத வைத்தியனின் பொறுப்பைப் பற்றியதை, விளக்கட்டும்.

கணவன்மாருக்கும் வாப்பாமாருக்கும் ஒரு வேலை உண்டு. எட்டாம் மாதத்தில் மருத்துவமனைக்குச் சென்று சில கேள்விகளைக் கேட்டுவர வேண்டும். சென்ற ஆண்டு இங்கே எத்தனை பேறு, அவற்றில் எத்தனை சிசேரியன்? பேற்றறையில் இவளுடன் இவள் தாயோ ராத்தாவோ இருக்கலாமா? அரசு மருத்துவமனைகளிலேயே பிரசவத் துணைக்கு இடமளிக்கும்போது, இங்கே மட்டும் ஏன் கதவைச் சாத்துகிறீர்கள்? வலியின்போது நீர் அருந்தலாமா, எழுந்து நடக்கலாமா? இரத்தம் வேண்டுமானால் எங்கிருந்து வரும், எவ்வளவு நேரத்தில் வரும்? இரவு இரண்டு மணிக்கு இந்தக் கட்டடத்தில் விழித்திருப்பவர் யார்?